சுழி பாத்தியா மாப்ளே?

மாப்ளே, நீ அனுப்புன படமெல்லாம் பாத்தேன். வெள்ளிக் கலரு, துணிக் கூரை, கதவு ரெண்டு, உக்கார எடமும் ரெண்டே ரெண்டு. பக்கத்துல நீ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, மூச்சைப் புடிச்சுத் தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நிக்கறே. வண்டி நல்லாத்தான் இருக்குது. மத்ததைப் பத்தி நேர்ல பேசிக்கலாம்.

2001 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். புதுசுல 40,000 டாலருக்கு மேல வித்தது, இப்ப 10,000-க்குத் தகையுதுன்னு எழுதியிருக்கறே. "பழைய கேம்ரி வெலைதான் மாமா"ன்னு கீழ ஒரு வரி வேற. அந்த வரியை உன்ற அத்தைகிட்டக் காமிச்சேன். கண்ணாடியை மூக்குல ஏத்திப் படிச்சுப்போட்டு, "பையன் சிக்கிக்குவான் போலிருக்குதே"ன்னா. பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி எடுக்கறவ அவ. அவளுக்கே வெளிச்சமாப் போச்சு.

வண்டி வெல எறங்கிருச்சு, வாஸ்தவம். ஆனா அந்தச் சேதியை வண்டிக்குள்ள இருக்கற சாமானுக்கு ஒருத்தரும் சொல்லலை. வாட்டர் பம்ப்பு இன்னமும் 40,000 டாலர் வண்டியில குடியிருக்கறதாத்தான் நெனச்சுட்டிருக்குது. கிளட்ச்சும் அப்படித்தான். அதைக் கழட்டி மாட்டற மெக்கானிக்கும் அப்படித்தான். நீ ஒருத்தன்தான் கேம்ரின்னு நெனச்சுட்டிருக்கறே.

மாமனுக்குப் பொறாமைன்னு நெனச்சுக்காதே. காருன்னா மூஞ்சியைத் திருப்பற ஊரா நம்மளது? சோழவரம் ரேஸுல ஓட்டுன நம்ம கரிவரதன் பேர்லதான செட்டிபாளையத்துல டிராக் நிக்குது? அந்த மனுசன் 1980-களோட கடைசியில, மூலைக்கு மூலை சாமான் கெடைக்கற மாருதி 800 இஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ரேஸ் வண்டி செஞ்சாரு. வேகமும் வேணும், பை கிழியவும் கூடாதுங்கறது அவருக்குப் புரிஞ்சிருந்துச்சு. நீ நாலெழுத்து எச்சாப் படிச்சு நியூ ஜெர்சிக்குப் போனவன், உனக்குப் புரியலையேன்னுதான் கேக்கறேன்.

நானும் சும்மா உக்காந்திருக்கலை. பீளமேட்டுல பட்டறை வெச்சு, பம்ப்புசெட்டு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைஞ்சே காலந்தள்ளுனவன். உன்ற படம் வந்ததுல இருந்து, பேரனோட டேப்லெட்டை வாங்கி வெச்சுக்கிட்டு, அந்த இஞ்சினைப் பிரிச்சுக் காமிக்கற வீடியோவாப் பாத்துட்டிருக்கறேன். "கெழவனுக்கு என்ன கேடு, பாதி ராத்திரியில வெள்ளைக்காரன் மூஞ்சியைப் பாத்துட்டு"ன்னு அத்தை திட்டுது. திட்டட்டும். இந்த வயசுல எனக்கு வேற என்ன சினிமா இருக்குது?

மொதல்ல அந்த வண்டி பொறந்த கதையைக் கேளு. 1990-களோட தொடக்கத்துல போர்ஷே கம்பெனியே கதவைச் சாத்தற நெலமைக்கு வந்துருச்சு. வெண்டலின் வீடெக்கிங்னு ஒருத்தர் தலைமைக்கு வந்தாரு. டொயோட்டாவுல வேலை பாத்த ஜப்பான்காரங்களைக் கூட்டிட்டு வந்து, பட்டறையில எங்கெங்க காசு ஒழுகுதுன்னு காமிக்கச் சொன்னாரு. செலவைக் குறைக்க, ஒரே மூஞ்சியை ரெண்டு வண்டிக்கு மாட்டுனாங்க. 1996-ல பாக்ஸ்டர், அதுக்கு அடுத்த வருசம் புது 911. கதவுக்கு முன்னாடி ரெண்டும் ஒண்ணு, இஞ்சினும் ஒரே குடும்பம். 911-ஐ வாங்குன பணக்காரனுக்கு வயிறு எரிஞ்சுது, பாக்ஸ்டர் வாங்குனவனுக்குக் குளுந்துச்சு. அந்த முன்லைட்டைப் பாத்து முட்டையைப் பொரிச்சு வெச்ச மாதிரி இருக்குதுன்னு ஊரே சிரிச்சுதாம். உன்ற படத்துல நல்லாப் பாத்தேன், ஆஃபாயிலேதான். மஞ்சக்கரு ஒரு ஓரமா ஒழுகுது.

காசை மிச்சம் பண்றதை நான் குத்தம் சொல்ல மாட்டேன், நானும் பட்டறைக்காரன். அந்த வண்டிதான் அந்தக் கம்பெனியைக் காப்பாத்துச்சு. ஆனா எந்த எடத்துல மிச்சம் பண்றதுன்னு ஒண்ணு இருக்குதல்ல?

"சர்வீஸ் ரெக்கார்டு பக்கா"ன்னு எழுதியிருக்கறே. அதுல இன்டர்மீடியேட் ஷாஃப்ட் பேரிங்னு எங்காச்சும் போட்டிருக்குதா, தேடிப் பாரு. நீ தேடறதுக்குள்ள அது என்னன்னு சொல்லிப்போடறேன்.

அந்த இஞ்சின்ல ஆறு சிலிண்டர், நிக்காம படுத்துக் கெடக்குது, பக்கத்துக்கு மூணு. கேம் ஷாஃப்ட் ரெண்டு பக்கத்துக் கோடியிலயும் இருக்குது, கிராங்க் நடுவுல. கிராங்குல இருந்து கேமுக்கு நேராச் செயினை இழுக்காம, கிராங்குக்கு அடியில இன்னொரு ஷாஃப்டைப் போட்டு, கிராங்க் அதைச் சுத்த, அது கேமைச் சுத்தற மாதிரி வெச்சிருக்காங்க. அந்த நடு ஷாஃப்டோட ஒரு முனை ஆயில் பிரஷர்ல நிக்கற புஷ்ல ஓடுது, சுகமா. இன்னொரு முனைக்கு, ஃப்ளைவீல் பக்கமா, ஒரு பால் பேரிங். உள்ளங்கையில அடங்கற சாமான். 1998 வரைக்கும் காத்துலயே குளுந்துட்டிருந்த பழைய 911 இஞ்சின்லயும் இதே மாதிரி ஷாஃப்ட் உண்டு, ஆனா அதுல ரெண்டு முனைக்கும் புஷ்தான். தண்ணியில குளுர்ற இந்தப் புது இஞ்சின்லதான் பேரிங்கைக் கொண்டாந்து சொருகுனாங்க.

அதுவும் என்ன பேரிங்குங்கறே? ரெண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ள கிரீஸ் அடைச்சு வர்றது. நம்ம மோட்டாருக்குப் போடறமே, அதே சாதி. தூசி பறக்கற எடத்துக்கு அது தங்கமான சாமான். சூடான ஆயில் தெறிச்சுட்டே இருக்கற எடத்துல அதைக் கொண்டுபோய் வெச்சா? நாளாக ஆக மூடி வெறச்சுப் போகும், ஆயில் மெதுவா உள்ள பூந்து கிரீஸைக் கழுவிப்போடும். பூந்த ஆயிலும் லேசுல வெளிய வராது, அங்கயே கெடந்து கெட்டுப் போகும். வெளிய ஒம்பது லிட்டர் நல்ல ஆயில் ஓடுது, உள்ள அந்த உருண்டைக்கு மட்டும் பட்டினி. அவிய எல்லாம் பெரிய படிப்புப் படிச்சவிய, நான் எட்டாவது. ஆனா என்ற பட்டறையில ஒரு பையன் இப்படி மாட்டியிருந்தா, அன்னைக்கு அவனுக்கு டீ கெடையாது.

அது தேஞ்சா என்னாகும்? ஷாஃப்ட் ஆடும், செயின் பல்லுத் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். இஞ்சின் பூராவும் இரும்புத் துகள். வேற இஞ்சின் வெக்கோணும்னா 10,000-ல தொடங்கி 20,000 டாலர் வரைக்கும் கேப்பாங்க. வண்டி வெலையே 10,000. கணக்கு நீயே போட்டுக்கோ, கம்ப்யூட்டர்காரன் நீதான்.

பயமுறுத்தறேன்னு நெனைக்காதே. பெரும்பாலான வண்டி கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாமத்தான் ஓடுது. ஆரம்பத்துல வந்த பேரிங்குல உருண்டை ரெண்டு வரிசை, அது போறது அபூர்வம். அப்புறம் ஒத்தை வரிசையாக்குனாங்க, சீக்கு எச்சாச்சு. அங்க கோர்ட்டு வரைக்கும் போய், 2013-ல சமாதானம் ஆச்சு. 2001 மே மாசத்துல இருந்து 2005 பிப்ரவரி வரைக்கும் செஞ்ச வண்டிகளுக்கு, அதுவும் வண்டி வித்து 10 வருசத்துக்குள்ள போயிருந்தாத்தான் காசு. அந்தக் கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு, நீ மனுவைத் தூக்கிட்டு ஓட வேண்டாம். 2009 மாடலுக்கு வந்த புது இஞ்சின்ல அந்த நடு ஷாஃப்டையே தூக்கிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

உன்ற வண்டி இருக்குது பாரு, அது ஒத்தையும் ரெட்டையும் கலந்து போட்ட காலத்துது. உள்ள எது இருக்குதுன்னு வெளிய இருந்து ஒருத்தனும் சொல்ல முடியாது. கியர்பாக்ஸை எறக்கி, கிளட்ச்சைக் கழட்டி, ஃப்ளைவீலை எடுத்தாத்தான் மூஞ்சி தெரியும். அத்தனையும் கழட்டுனவன் பாத்துட்டுச் சும்மா மூடுவானா? புதுப் பேரிங், புதுக் கிளட்ச், கிராங்குப் பின்னாடி ஒழுகற ஆயில் சீல், எல்லாம் ஒட்டுக்கா மாத்தோணும். வெளி மெக்கானிக்குகிட்டயே 3,000 டாலர் சுத்தி ஆகும், கம்பெனி ஷோரூமுன்னா இன்னும் எச்சு. பேரிங் வெலை அதுல கொஞ்சம், மிச்சமெல்லாம் அதுகிட்டப் போய்ச் சேர்ற கூலி. அதனால கிளட்ச் நல்லா இருக்கற வண்டியைத் தேடாதே. கிளட்ச் போற நெலமையில இருக்கற வண்டியைத் தேடு. அதைச் சொல்லி வெலையைக் குறை, அதைச் சாக்கு வெச்சே பேரிங்கையும் மாத்திக்கோ.

இப்ப உன்ற ரெண்டாவது வீராப்புக்கு வர்றேன். "ஒரே ஓனர் மாமா, இத்தனை வருசத்துல 38,000 மைல்தான் ஓடியிருக்குது, குளுருக்கு வெளியவே எடுத்ததில்லை, போர்வை போட்டு மூடியே வெச்சிருந்தாரு." அடப்பாவி, அதைப் போய் யோக்கியதைப் பத்திரமா வாசிக்கறே? பிரிச்சு மாட்டற ஆளுக அத்தனை பேரும் இதைத்தான் சொல்றாங்க: நல்லா வெரட்டி ஓட்டி, அடிக்கடி ஆயில் மாத்துன வண்டியில அந்தப் பேரிங் தாட்டுது, மூடி வெச்சதுலதான் மண்டையப் போடுது. ஓடாத வண்டியில ஆயில் எல்லாம் கீழ எறங்கிரும், ஈரம் சேரும், ரப்பரெல்லாம் வெடிக்கும். 15,000 மைலுக்கு ஒருக்கா ஆயில் மாத்துனாப் போதும்னு கம்பெனி புஸ்தகம் சொல்லுச்சு. அந்த ஓனர் அதை நம்பியிருந்தா, 38,000 மைலுக்கு எத்தனை தடவை மாத்தியிருப்பாரு? விவரம் தெரிஞ்சவன் 5,000 மைலுக்கு மாத்தறான், ஓடாட்டியும் வருசம் ஒருக்கா மாத்தறான்.

டயரையும் பாரு. ஓரத்துல நாலு எண் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். பட்டன் தேயாம புதுசாட்டத் தெரியும், எண்ணைப் படிச்சா உன்ற கண்ணாலத்துக்கு முந்துனதா இருக்கும். முன்னாடி டயரும் பின்னாடி டயரும் வேற வேற அளவு, மாத்திப் போட்டு ஒப்பேத்தவும் முடியாது. நாலையும் வாங்கோணும்.

பானெட்டைத் தொறந்து இஞ்சினைப் பாத்தியான்னு கேட்டதுக்கு, "முன்னாடியும் டிக்கி, பின்னாடியும் டிக்கி மாமா, ரொம்ப சவுகரியம்"னே. சவுகரியந்தான். இஞ்சின் எங்கடான்னா, சீட்டுக்குப் பின்னாடி, கூரைக்கு அடியில, மறைவா. அதைப் பாக்கோணும்னா கூரையைப் பாதியில நிறுத்தி, கம்பியைக் கழட்டி, விரிப்பை எடுத்து, மூடியைத் தொறக்கோணும். இல்லைன்னா சீட்டுக்குப் பின்னாடி குடைஞ்சு போகோணும், இல்லைன்னா அடியில பூரோணும். ஓட்டறவன் கைக்கு எட்டற மாதிரி பின்டிக்கியில ஆயில் ஊத்தற வாயும், அளவு பாக்கற குச்சியும், தண்ணி ஊத்தற மூடியும் வெச்சிருக்காங்க. "ஊத்தறதோட நிறுத்திக்கோ, மத்ததை நாங்க பாத்துக்கறோம்"னு அர்த்தம்.

அந்தத் தண்ணி மூடி இருக்குதே, அதுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் டேங்க். வெடிக்கும். வெடிச்சா டிக்கி விரிப்பு நனைஞ்சிருக்கும், இனிப்பு வாசம் வரும். வெலைக்கு வந்த வண்டியில மொதல்ல மோந்து பாக்க வேண்டிய எடம் அதுதான். மாத்தற கூலியோட 1,000 டாலர் பக்கம் போகும். வாட்டர் பம்ப்புக்குள்ள சுத்தற விசிறியும் பிளாஸ்டிக். பழசானா ரெக்கை ஒடிஞ்சு தண்ணி ஓடற வழியில போய் அடைச்சுக்கும். பம்ப்பு மாத்தலாம், ஒடிஞ்ச துண்டை எங்கீன்னு தேடுவே? பம்ப்புக்காரன் சொல்றேன், ஒழுகற வரைக்கும் காத்திருக்காதே, வாங்குன கையோட மாத்திப்போடு. இஞ்சின் நடுவுல, ரேடியேட்டர் முன் பம்பருக்குள்ள ரெண்டு ஓரத்துலயும். அந்த ஓட்டையில நியூ ஜெர்சி மரத்து எலையெல்லாம் போய் அடைஞ்சு, நனைஞ்சு, மக்கி, முன்னாடி நிக்கற ஏசி கண்டென்சரை அரிச்சுப்போடும். பம்பரைக் கழட்டி எலையை அள்ளறதுக்குக் காசு வாங்க மாட்டாங்க, நீயே பண்ணுனா.

மழைத் தண்ணி கதை இன்னும் நல்லா இருக்கும். துணிக் கூரை மடியற எடத்துல ரெண்டு பக்கமும் வடிகால் ஓட்டை உண்டு. எலையும் தூசியும் அடைச்சா, தண்ணி வண்டிக்குள்ள எறங்கும். எறங்கி எங்க தேங்கும்? ஓட்டறவன் சீட்டுக்கு அடியில. அங்க என்ன இருக்குது? வண்டியைக் கெளப்பலாமா வேண்டாமான்னு சாவியைப் பாத்துத் தீர்ப்புச் சொல்ற எலக்ட்ரானிக் பொட்டி. தண்ணி தேங்கற பள்ளத்துலயே அதைக் கொண்டுபோய் வெச்சவனை நான் ஒருக்கா நேர்ல பாக்கோணும். அது நனைஞ்சா வண்டி உன்னையத் திருடன்னு முடிவு பண்ணிரும். காசைக் கட்டுனவன், பேப்பர்ல பேர் இருக்கறவன், நம்ம வண்டியிலயே நம்ம திருடன். அதைச் சரி பண்ண 1,000 டாலருக்குக் கொறையாது. சீட்டுக்கடி விரிப்பைக் கையால அமுக்கிப் பாரு. ஈரமா இருந்தா, நல்லா இருங்கன்னு சொல்லிப்போட்டு வந்துரு.

பின்கண்ணாடி உன்ற வருசத்து மாடலுக்குக் கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக். 2003 மாடல்லதான் நெசமான கண்ணாடி வந்துச்சு. பிளாஸ்டிக்கு வெய்யில்ல பழுத்து மஞ்சளாகும், குளுர்ல வெறச்சுக் கூரை மடியறப்பக் கிழியும். அதனால கூரையைப் பாதியில நிறுத்தி, எறங்கிப் போய், கையால அந்த பிளாஸ்டிக்கை நீவி மடிச்சு விட்டுட்டு, திரும்ப ஏறிப் பட்டனை அமுக்கோணும். வண்டிக்காரங்க எல்லாரும் இதைப் பழகி வெச்சிருக்காங்க. சிக்னல்ல நாலு பொண்ணுக பாக்கறப்ப நீ பட்டனை அமுக்கிக் கூரையைத் தொறக்கலாம்னு கனவு கண்டிருப்பே. நீ எறங்கிப் போய்த் துணி மடிக்கறதைத்தான் அவிய பாப்பாங்க. ஊட்டுல ஒரு நாளாச்சும் மடிச்சிருந்தா அம்முணிக்காச்சும் ஒத்தாசையா இருந்திருக்கும்.

பேட்டரி முன்டிக்கியில இருக்குது. உன்ற மாடல்ல டிக்கி தொறக்கறதுக்குக் கரண்டு வேணும். கரண்டு பேட்டரியில இருந்து வரோணும். பேட்டரி செத்துப்போச்சுன்னா, பேட்டரி இருக்கற டிக்கியைத் தொறக்கப் பேட்டரி வேணும். அத்தைக்கு இதைச் சொன்னப்ப அவ சிரிச்ச சிரிப்புல எதுத்த ஊட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. வழி இருக்குது, பயந்துக்காதே. ஓட்டறவன் கால்கிட்ட ஃபியூஸ் பொட்டியில இருந்து ஒரு கம்பியை வெளிய இழுத்து, வேற பேட்டரியை அதுல கொடுத்தாத் தொறக்கும். இதை இப்பவே எழுதி வெச்சுக்கோ. எழுதுன சீட்டை முன்டிக்கிக்குள்ள மட்டும் வெச்சுப்போடாதே.

ஏர் ஆயில் செபரேட்டர்னு ஒண்ணு இருக்குது. இஞ்சினுக்குள்ள எழும்பற ஆவியில இருந்து ஆயிலைப் பிரிச்சுக் கீழ அனுப்பறது அதோட வேலை. உள்ள இருக்கற ரப்பர் சவ்வு கிழிஞ்சா, ஆயில் நேரா எரியப் போயிரும். நீ வண்டியை வாங்குன மொத வெள்ளிக்கெழமை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு எடுத்துட்டுப் போவே, எனக்குத் தெரியும். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம், பானெட்டு மேல சந்தனம் குங்குமம். சாமி கும்பிட்டு நீ ஸ்டார்ட் பண்றப்ப அந்தச் சவ்வு கிழிஞ்சிருந்துச்சுன்னா, பார்க்கிங் பூராவும் வெள்ளைப் புகை. அய்யரு தூபம் போட வேண்டிய வேலையே இல்லை. சாமான் 200 டாலர் பக்கந்தான், ஆனா அது நிக்கற மூலைக்குக் கை போகோணுமே, அந்தக் கைக்குத்தான் காசு. சோதிக்கறது சுலுவு. இஞ்சின் ஓடறப்ப ஆயில் மூடியைத் தொறந்து பாரு. உள்ள இழுக்கற இழுப்பு எச்சா இருந்துச்சுன்னா, சவ்வு போச்சு.

இக்னிஷன் காயில் வெடிக்கறது, சாவி போடற சுவிட்ச் தேயறது, ஜன்னல் ஏத்தற கம்பி அறுந்து போறது, இதெல்லாம் சில்லறை. சுவிட்ச்செல்லாம் நீயே மாட்டிக்கற சாமான். அதுக்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டீன்னா என்னையக் கூப்பிடாதே.

இப்ப சந்தைக்கு வருவோம். சின்னதுல நீ என்றகூடக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வந்தவன். உங்க தாத்தன் காளை வாங்கறப்ப என்ன பண்ணுனாரு? கொம்புக்குப் பூசுன வண்ணத்தையா பாத்தாரு? வாயைத் தொறந்து பல்லைப் பாத்தாரு, முதுகுல சுழியைப் பாத்தாரு, நடக்க விட்டுக் கால் வெக்கறதைப் பாத்தாரு. அதுக்கப்புறந்தான் துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சாரு. நீ வண்ணத்தைப் பாத்துட்டுப் படம் அனுப்பிச்சிருக்கறே.

அதனால, இந்த வண்டியையே தெனமும் பிரிக்கற ஒரு மெக்கானிக்கைப் புடி. விக்கறவன் சொல்ற ஆள் வேண்டாம், நீ தேடுன ஆளா இருக்கோணும். 300 டாலர் கேட்டாலும் குடு. லிஃப்ட்ல ஏத்தி, இஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற எடத்துல ஆயில் சொட்டுதான்னு பாக்கச் சொல்லு. உப்புப் போடற ரோட்டுல ஓடியிருந்தா அடியில துரு தெரியும். கம்ப்யூட்டரை மாட்டிப் படிக்கச் சொல்லு. இந்த மாடல்ல, இஞ்சினை அளவுக்கு மீறிச் சுத்த விட்டிருந்தா அந்தக் கணக்கெல்லாம் உள்ள பதிஞ்சிருக்கும், ஓனர் சொல்ற கதைக்கும் அதுக்கும் ஒத்துப்போகுதான்னு பாரு. முக்கியமா, விக்கறவன் ஒத்துக்கிட்டா ஆயில் ஃபில்டரைக் கழட்டி, அந்தக் காகித மடிப்பைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லு. மினுமினுன்னு துகள் இருந்தாக் காந்தத்தை வை. காந்தத்துல ஒட்டுனா இரும்பு, பேரிங் பேச ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். கும்பிடு போட்டுட்டு ஊடு வந்து சேரு. விக்கறவன் ஃபில்டரைத் தொட விட மாட்டேன்னாலும் அதேதான்.

அம்முணிகிட்டச் சொல்லிட்டியா? சொல்லியிருக்க மாட்டே. நான் ஒரு ரோசனை சொல்றேன், என்ற பேரைச் சொல்லாதே. 10,000-ன்னு வாயைத் தொறக்காதே. வண்டி வெல 15,000-ன்னு சொல்லு. பொய்யில்லை, அதுதான் நெச வெலை. 10,000 விக்கறவனுக்கு, 5,000 தனியா பேங்குல. மொத வருசத்துலயே பேரிங், கிளட்ச், தண்ணி டேங்க், வாட்டர் பம்ப்புன்னு அது கரைஞ்சுரும். கரையறப்ப நீ ராத்திரியில பூனையாட்டம் கிரெடிட் கார்டு பில்லை ஒளிச்சு வெக்க வேண்டியதில்லை. 15,000 இல்லைன்னா, 10,000-மும் இல்லைன்னு வெச்சுக்கோ. கேம்ரி நல்ல வண்டி, நாலு பேர் உக்காரலாம், மாமியா வந்தாலும் எடம் இருக்கும். பாக்ஸ்டருன்னா அவியளை முன்டிக்கியிலயா உக்கார வெப்பே, பின்டிக்கியிலயா? சொல்றதுக்கு முந்தி அதையும் ரோசிச்சுக்கோ.

அப்புறம் ஒரு பேச்சு. "பத்து வருசம் கழிச்சு ஊருக்கே கொண்டாந்துரலாம் மாமா"ன்னு போன்ல ஒரு கதை உட்டே. அமெரிக்கா வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். நம்ம நாட்டுக்கு ஓடுன வண்டியைக் கொண்டு வரோணும்னா மூணு வருசத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கோணும், அதுக்கு மேல வரி வேற. ஆசையை அங்கயே பார்க் பண்ணிட்டு வா.

நான் வாங்க வேண்டாம்னு சொல்லவே இல்லை, கவனிச்சியா? எங்க அக்கா கேட்டா வேண்டாம்னுதான் சொன்னேன்னு சொல்லிப்போடுவேன், அது வேற. அந்த இஞ்சின் சத்தத்தை வீடியோவுல கேட்டேன் மாப்ளே. 217 குதிரை, முதுகுக்குப் பின்னாடி ஒரு சாண்ல. வளைவுல எடையெல்லாம் நடுவுல நிக்கறதால வண்டி திரும்பறதே தனி அழகு. அந்தக் காசுக்கு அந்தச் சொகத்தை வேற எந்த வண்டியும் குடுக்காதுன்னு, பிரிச்சுப் பிரிச்சுத் திட்டற அந்த மெக்கானிக்குகளே சொல்றாங்க. திட்டிட்டு அதே வண்டியில ஏறித்தான் ஊட்டுக்குப் போறாங்க, பாத்தேன். கண்ணாலமாகி, புள்ளைகளைப் பெத்து, ஊடு கட்டி, கடனை அடைச்சவனுக்கு ஒரு திருவாத்தான் வண்டி இருந்தாத் தப்பில்லை. உன்ற தொப்பைக்கு அதுல ஏறி எறங்கறதே நல்ல கசரத்து.

கியர்பாக்ஸை எறக்கறன்னைக்கு எனக்குச் சொல்லு. அந்தப் பழைய பேரிங்கை மெக்கானிக் குப்பையில போட்டுருவான், போட விடாதே. ஆயிலோட ஆயிலா ஒரு பிளாஸ்டிக் பையில கட்டி, ஊருக்கு வர்றப்ப எடுத்துட்டு வா. நம்ம லேத்துல வெச்சு வெளி வளையத்தை அறுத்து, உள்ள கிரீஸ் இருக்குதா, வெறும் ஆயிலா, எத்தனை வரிசை உருண்டைன்னு நானே பாக்கோணும். ஒத்தை வரிசைன்னு நான் இங்க நாலு பேர்கிட்டப் பந்தயம் கட்டியிருக்கறேன். ஏர்போர்ட்டுல எடை எச்சுன்னா, அத்தைக்குக் கொண்டு வர்ற பாதாம்பருப்புல ஒரு பாக்கெட்டைக் குறைச்சுக்கோ. அவளுக்கு நான் ஏதாச்சும் சொல்லிக்கறேன்.